ஐந்து தரம் வாசித்தும் ஏன் மறக்கிறது? விடை ஹிப்ழு வகுப்பில் இருக்கிறது

தன்னாமுனையில் வாவிக்கரைக்குக் கிட்ட உள்ள ஒரு மண்டபத்தில், சனிக்கிழமை பிற்பகல்களில், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கும் பிள்ளைகளுக்கு நானும் வேறு இரண்டு ஆசிரியர்களும் மீட்டல் வகுப்பு நடத்துகிறோம். கட்டணம் இல்லை. ஏறாவூரிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தன்னாமுனை, மயிலம்பாவெளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அங்கே வரும் மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்லித்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும். பெயர் வேண்டாம்.

அவன் ஒரு ஹாபிழ். ஹிப்ழு முடித்துவிட்டு மீண்டும் பாடசாலைக்கு வந்து, இப்போது தரம் 11இல் படிக்கிறான். அவனது வரலாற்றுப் பாடநூலைத் திறந்தால் பக்கமெல்லாம் மஞ்சள். ஹைலைட்டர் படாத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

“இந்த அலகை எத்தின தரம் வாசிச்ச மகன்?”

“அஞ்சு தரம் சேர்.”

“அப்ப புத்தகத்த மூடிட்டுச் சொல்லு பாப்பம். கோல்புறூக் சீர்திருத்தத்தில என்ன நடந்தது?”

“1833...” என்றான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னான்: “எனக்கு மண்டையில ஏறுதில்ல சேர். ஓதினது மட்டும்தான் நிக்கிது. படிப்பு எனக்குச் சரிவராது போல.”

அறுநூறுக்கு மேற்பட்ட பக்கங்களை, தாய்மொழி அல்லாத ஒரு மொழியில், ஒரு குறில் நெடில் பிசகாமல் நெஞ்சில் வைத்திருக்கும் பிள்ளை, பன்னிரண்டு பக்க அலகு ஒன்று மண்டையில் ஏறவில்லை என்கிறான். ஞாபகசக்தியில் குறை என்று எப்படிச் சொல்வது? அவன் வாசித்த முறையைத்தான் நான் சந்தேகித்தேன். இதே சொல்லை ஹாபிழ் அல்லாத பிள்ளைகளிடமிருந்தும் வருடக்கணக்காகக் கேட்டு வருகிறேன். “விழுந்து விழுந்து படிச்சும் பேப்பரைக் கண்டதும் எல்லாம் மறந்து போச்சு” என்று அழும் பிள்ளைகளை எல்லா ஆசிரியர்களும் கண்டிருப்பார்கள். அவர்களில் சிலர் சாதாரண தரத்தோடு புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். தனக்குப் படிப்பு வராது என்ற முடிவை ஒரு பிள்ளை பதினாறு வயதில் எடுப்பது சின்ன விடயம் அல்ல.

அன்று அவனிடம் வேறொரு கேள்வி கேட்டேன். “ஹிப்ழு மத்ரஸாவில எப்பிடிப் பாடமாக்கின?”

முகம் தெளிந்துவிட்டது. சுபஹுக்குப் பிறகு புதுப் பாடம், அதாவது ஸபக். முதலில் பார்த்து ஓதுவது. பிறகு கிதாபை மூடிப் பாராமல் ஓதுவது. தடக்கினால் திறந்து அந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூடுவது. பிறகு ஹஸரத்திடம் போய்ப் பாடம் கொடுப்பது. அவர் பிழையை அந்த இடத்திலேயே பிடிப்பார். அதோடு முடியாது. கடந்த சில நாட்களின் பாடங்களை மறுபடி ஒப்புவிக்க வேண்டும். பின்னேரம் பழைய ஜுஸ்உக்கள், முறை வைத்துச் சுற்றி வரும். இந்த மூன்றுக்கும் மத்ரஸாவுக்கு மத்ரஸா பெயர் வேறுபடலாம், ஒழுங்கு ஒன்றுதான். ரமழானில் தராவீஹ் தொழுவிக்கும்போது முன்னால் கிதாப் இல்லை. தடக்கினால் எடுத்துக் கொடுக்கப் பின்னால் இன்னொரு ஹாபிழ் நிற்கிறார்.

“வரலாற்றையும் இப்பிடிப் படிச்சியா?”

“இல்ல சேர். அது வாசிக்கிறதுதானே.”

இந்தப் பதிலில்தான் விடயம் முழுவதும் இருக்கிறது. நமது சமூகத்தில் எத்தனையோ வீடுகளுக்குப் பழக்கமான ஒரு படிப்பு முறையை, பாடசாலைப் புத்தகம் என்று வந்ததும் வாசலிலேயே செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

கிதாபை மூடி ஒப்புவிப்பது, பிழையை உடனே திருத்துவது, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப மீட்டுவது ஆகிய இந்த மூன்றும்தான் இன்று கற்றல் பற்றி ஆராயும் உளவியலாளர்கள் முதலிடத்தில் வைத்துப் பேசும் விடயங்கள். அமெரிக்காவில் சென் லூயிஸ் நகரின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நல்ல உதாரணம். மாணவர்களுக்குச் சிறு பந்திகள் கொடுக்கப்பட்டன. ஒன்று சூரியனைப் பற்றியது, இன்னொன்று கடல் நீர்நாய்களைப் பற்றியது. ஒரு குழு நான்கு தடவையும் வாசிப்பதிலேயே செலவிட்டது. மற்றக் குழு முதல் தடவை மட்டும் வாசித்தது. மீதி மூன்று தடவையும் பந்தியைப் பாராமல் நினைவிலிருந்ததை எழுதியது. முதல் குழு அந்தப் பந்தியைச் சராசரியாக 14 முறை வாசித்து முடித்தது. இரண்டாம் குழுவுக்கு மூன்று முறைக்குச் சற்று அதிகமாகத்தான் வாசிக்கக் கிடைத்தது.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழுதான் முந்தியது: 83 வீதம், மற்றது 71 வீதம். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். வாசித்த குழுவிடம் மிஞ்சியது 40 வீதம். மூடி எழுதிய குழுவிடம் 61 வீதம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான்.

அந்த நம்பிக்கைதான் பிள்ளைகளைக் கவிழ்ப்பது. இரண்டாம் தரம், மூன்றாம் தரம் வாசிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. ‘ஓ, இது தெரியும்’ என்று மனம் சொல்கிறது. பார்த்தால் அடையாளம் தெரிவது ஒன்று, பாராமல் எடுத்துச் சொல்ல முடிவது வேறொன்று. சந்தையில் காணும்போது தெரிந்த முகம்தான், பெயர்தான் வராது, அதைப் போல. பரீட்சை மண்டபத்தில் பாடநூல் இல்லை. அங்கே கேட்கப்படுவது முகம் அல்ல, பெயர்.

பரீட்சைக்கு முந்திய இரவு விழித்திருந்து படிப்பவர்கள் கேட்கலாம்: ஐந்து நிமிடத்தில் வாசிப்புத்தானே முந்தியது, அப்படியானால் இரவு படித்துவிட்டுக் காலையில் எழுதினால் என்ன? ஒரு பாடத்துக்கு ஒருவேளை தப்பலாம். சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்கள், இரண்டு வருடப் பாடத்திட்டம். ஒன்பது கடைசி இரவுகளில் அதைச் சுமந்துவிட முடியாது.

ஹைலைட்டர் பற்றியும் சொல்ல வேண்டும். கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் டன்லொஸ்கியும் நால்வரும் 2013இல், மாணவர்கள் பயன்படுத்தும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்று அலசினார்கள். கோடிடுதல், நிறம் பூசுதல், மீள வாசித்தல் எல்லாம் குறைந்த பயன் என்ற கூடைக்குள் போயின. உயர்ந்த பயன் என்று அவர்கள் சொன்னது இரண்டைத்தான்: தன்னைத்தானே சோதித்தல், இடைவெளி விட்டுப் படித்தல். ஹைலைட்டர் வாங்கிக் கொடுத்த வாப்பாமார் கோபிக்க வேண்டாம். கோடிடுவது பாவமான காரியம் அல்ல. கோடிட்டதோடு படித்து முடித்ததாக நினைப்பதில்தான் கோளாறு.

இடைவெளி விட்டு மீட்டுவதன் தேவை இன்னும் பழைய செய்தி. ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே பாடமாக்கித் தன்னையே சோதித்து, 1885இல் நூலாக வெளியிட்டார். மறதியின் பெரும்பகுதி முதல் மணித்தியாலங்களிலேயே நடந்துவிடுகிறது, பிறகு மெல்ல மெல்லக் குறைகிறது என்று அவர் கண்டார். ஹிப்ழு மாணவனுக்கு இதை ஜெர்மனியிலிருந்து வந்து யாரும் சொல்லத் தேவையில்லை. கட்டவிழ்ந்த ஒட்டகத்தைப் பற்றிய நபிமொழியை அவன் முதல் வருடத்திலேயே கேட்டிருப்பான்.

இனி என் பக்கத்துத் தவறு. ஆசிரியர் கலாசாலையில் பயிலும்போது ‘வினைத்திறனான வாசிப்பு’ என்ற தலைப்பில் ஒரு முறை படித்தேன். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் ரொபின்சன் 1946இல் எழுதிய நூலில் முன்வைத்தது: மேலோட்டமாகப் பார், வினா எழுப்பு, வாசி, ஒப்புவி, மீட்டு. ஐந்து படிகள். அந்த ஐந்தையும் எப்படிப் படித்தேன் தெரியுமா? குறிப்புக் கொப்பியை ஏழெட்டுத் தரம் வாசித்து, கோடிட்டு, பரீட்சையில் எழுதிவிட்டு மறந்தேன். பிறகு வகுப்பறைக்கு வந்து பல வருடங்கள், “நாளைக்கு டெஸ்ட், வடிவா அஞ்சு தரம் வாசிச்சிட்டு வாங்க” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் சொன்ன ‘அஞ்சு தரம்’ என்னைப் போன்ற ஒருவரின் வாயிலிருந்து வந்ததுதான்.

அன்றே வகுப்பில் ஒரு சிறு பரீட்சார்த்தம் செய்தோம். மட்டக்களப்பு வாவி பற்றி நானே எழுதிய ஒரு பக்கப் பந்தி. வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. நகருக்குக் கிட்டப் பாலமீன்மடுப் பக்கமும் தெற்கே கல்லாற்றுப் பக்கமும் கடலோடு சேர்கிறது. வரட்சிக் காலத்தில் அந்த வாய்களை மணல் மூடிவிடும். மாரியில் ஆறுகளால் வரும் வெள்ளம் உவர்ப்பைக் குறைக்கும். வெள்ளம் மிஞ்சினால் முகத்துவாரம் வெட்டிவிட வேண்டும். கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையில் இறாலும் மீன்குஞ்சும் வளரும். இவ்வளவுதான். வகுப்பில் பாதிப் பேர் இருபது நிமிடமும் வாசித்தார்கள். மீதிப் பேரிடம், வாசிக்க முன்னர் தலைப்புகளைக் கேள்விகளாக மாற்றச் சொன்னேன். ‘வாவி நீரின் தன்மை’ என்ற தலைப்பு, ‘வாவித் தண்ணி ஏன் ஒரு காலத்தில உப்பு, ஒரு காலத்தில உப்பில்ல?’ என்று மாறியது. பிறகு ஒரு தரம் வாசித்தல். பக்கத்தைக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுதல். விடுபட்டதை மட்டும் திறந்து பார்த்தல்.

இரண்டாம் பாதியினர் முணுமுணுத்தார்கள். “கஷ்டமா இருக்கு சேர், ஒண்டும் வருதில்ல” என்றார்கள். வாசித்துக்கொண்டிருந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை, முன்னறிவித்தல் இல்லாமல் கேட்டேன். முணுமுணுத்தவர்கள்தான் எழுதினார்கள். மீனவக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று மட்டும் விதிவிலக்கு. வாசித்த குழுவில் இருந்தும் எல்லாம் சரியாக எழுதியது. அதற்குப் பந்தியே தேவைப்பட்டிருக்கவில்லை! இது விஞ்ஞான ஆய்வு அல்ல, ஒரு வகுப்பறை விளையாட்டு. ஆனால் அந்த முணுமுணுப்பைப் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும். பயன்தரும் முறை பிள்ளைக்குக் கஷ்டமாகத் தெரியும். பயன்தராத முறை சுகமாக இருக்கும். முதல் வாரத்தில் பிள்ளை, “முந்திப் படிச்ச மாதிரித்தான் எனக்கு நல்லம்” என்று சொன்னால் உடனே விட்டுவிட வேண்டாம்.

நமது ஹாபிழிடம் திரும்புவோம். வரலாற்றை ஹிப்ழு முறையில் படி என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரத்தில் வந்தான். கோல்புறூக் சீர்திருத்தம் முழுவதையும் பாடநூலின் வசனங்களாகவே, ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தான். நான் சந்தோஷப்பட்டது ஒரு நிமிடம்தான். “சரி, இராஜகாரிய முறை ஒழிஞ்சதால பெருந்தோட்டம் செய்ய வந்தவங்களுக்கு என்ன லாபம்?” என்று கேட்டேன். மீண்டும் முதல் வசனத்திலிருந்து ஓதத் தொடங்கினான்.

பிழை என்னுடையது. குர்ஆனைப் பாடமாக்கும்போது சொல்லே அமானிதம், ஒரு எழுத்தும் மாறக் கூடாது. பாடநூலில் சொல் அமானிதம் அல்ல, விளக்கம்தான் வேண்டும். சொற்களை மாற்றிச் சொல்ல முடிகிறதா என்பதே அங்கே சோதனை. ஆகவே ஹிப்ழு வகுப்பிலிருந்து எடுக்க வேண்டியது மூடுதல், ஒப்புவித்தல், திருத்தல், சுற்று முறையில் மீட்டல். எடுக்கக் கூடாதது, வசனத்தை அப்படியே சுமப்பது. அவனுக்கு ஒரு நிபந்தனை போட்டேன்: பாடநூலின் வசனம் ஒன்றையும் சொல்லாதே, வீட்டில் தம்பிக்குக் கதை சொல்வது போலச் சொல். இதில் அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாடமாக்கும் திறமையே அவனுக்குக் குறுக்கே நின்றது.

அவனைத் திருப்பியது ‘ஏன்’ என்ற கேள்விதான். 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையில் 15 பேர். அதில் உத்தியோகபூர்வ உறுப்பினர் 9, மற்றவர்கள் 6. இதை எண்களாகப் படித்தால் மூன்றாம் நாள் 15உம் 9உம் இடம் மாறிவிடும். ‘ஏன் 9, ஏன் 6?’ என்று கேட்டேன். வாக்கெடுப்பு வந்தால் யார் பக்கம் வெல்லும் என்று கணக்குப் பார்த்தான். ஆளுநரின் பக்கம் ஒருபோதும் தோற்காதபடி சபையை அமைத்திருக்கிறார்கள் என்று அவனே கண்டுபிடித்தான். பிறகு அவனே கேட்டான்: “அந்த ஆறு பேர்ல நம்மட ஆக்கள் இருந்தாங்களா சேர்?” இல்லை. மூவர் ஐரோப்பியர், மற்ற மூவரும் சிங்களவர், தமிழர், பறங்கியர் தலா ஒருவர். முஸ்லிம்களுக்கென ஓர் உறுப்பினர் 1889இல்தான் வந்தார், எம்.சி. அப்துல் ரஹ்மான். அந்த அரை நூற்றாண்டு இடைவெளியை அவன் இனி மறக்கப் போவதில்லை, ஏனென்றால் கேள்வி அவனுடையது.

எல்லாப் பாடத்துக்கும் ஒரே வாசிப்பு என்று யாரும் நினைக்கக் கூடாது. விஞ்ஞானத்தில் ஒரு படத்தை மூடி வைத்துவிட்டு வெறுந்தாளில் வரைந்து பெயரிட்டுப் பார்ப்பது, நான்கு பக்கம் வாசிப்பதைவிட மேல். தமிழ் இலக்கியத்தில் செய்யுளை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அங்கே ஓசையும் பொருளின் ஒரு பகுதி, அவசரம் ஆகாது. கணிதத்தை வாசிக்கவே முடியாது. செய்து காட்டிய உதாரணத்தை மூடிவிட்டு அதே கணக்கைத் தனியே செய்ய வேண்டும். ஒரே வகைக் கணக்கை இருபது தரம் செய்யாமல் பல வகைகளைக் கலந்து செய்ய வேண்டும், பரீட்சையில் அவை கலந்துதானே வருகின்றன. கடந்தகால வினாத்தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவை மிக நல்ல சோதனைக் கருவி. ஆனால் நம் பிள்ளைகள் விடைப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ‘செய்கிறார்கள்’. அது வினாத்தாளை வாசிப்பது, செய்வது அல்ல.

வேக வாசிப்பு வகுப்பு என்று சில துண்டுப்பிரசுரங்கள் கைக்கு வருகின்றன. நிமிடத்துக்கு ஆயிரம் சொல், இரண்டாயிரம் சொல் என்று. ஈவ்லின் வூட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1959இல் இதை ஒரு வியாபாரமாகவே தொடங்கிவிட்டார். வாசிப்பு ஆய்வாளர் கீத் ரேய்னரும் அவரது சகாக்களும் 2016இல் ஆதாரங்களை ஆராய்ந்து சொன்னது, வேகத்தைக் கூட்டினால் விளக்கம் குறையும் என்பதே. ஒரு பக்கத்தில் எது எங்கே இருக்கிறது என்று தேட வேகப் பார்வை உதவும். படிப்பதற்கு உதவாது. அந்தப் பணத்துக்குப் பிள்ளைக்கு நாலு கதைப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். வாசிப்பில் இயல்பான வேகம் சொல்வளத்தாலும் பழக்கத்தாலும் வருகிறது.

நேரம் எங்கே என்று பெற்றோர் கேட்கிறார்கள். பாடசாலை விட்டு ரியூசன், ரியூசன் விட்டு இன்னொரு ரியூசன், இரவு பத்து மணிக்குப் பிள்ளை சோறு தின்கிறது. ரியூசனில் பெரும்பாலும் நடப்பது மீண்டும் ஒரு தரம் கேட்பதுதான். மீள வாசித்தலின் அக்கா என்று அதைச் சொல்லலாம். பிள்ளை தனியே இருந்து மூடிச் சொல்லிப் பார்க்க ஒரு மணி நேரம் இல்லையென்றால், வாரத்தில் ஒரு வகுப்பைக் குறைப்பது பற்றி யோசியுங்கள். சக ஆசிரியர்கள் சிலர் என்னோடு கோபித்தாலும் பரவாயில்லை. பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவர்களின் அந்த ஒரு மணி நேரம் குசினியில் போய்விடுகிறது. தரம் 11 வருடத்திலாவது சட்டி பானையைத் தம்பிமாரும் கழுவலாம்.

வீட்டில் உதவ ஆள் இல்லை என்பதையும் நான் ஏற்க மாட்டேன். எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளையின் உம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. இரவில் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மகளிடம் கேட்பது ஒன்றுதான்: “இண்டைக்கு என்ன படிச்சிக் குடுத்தாங்க, எனக்குச் சொல்லு.” விளங்காத இடத்தில், “அது ஏன் அப்பிடி?” என்று கேட்பார். மகளுக்கு விடை தெரியாவிட்டால் எழுந்துபோய்ப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். ரொபின்சனின் ‘ஒப்புவி’ என்ற படியை இதைவிட நன்றாகச் செய்த ஒருவரை நான் காணவில்லை.

சுற்று முறையில் மீட்டுவதற்கு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு எளிமையானது. ஒரு அலகை முடித்த அன்று இரவே ஒரு தரம் மூடிச் சொல்வது. மறுநாள் ஒரு தரம். அந்த வார வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பின்னேரம் ஒரு தரம். மாத முடிவில் ஒரு தரம். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அலகுகளின் பெயர்களை எழுதி, சொல்லி முடித்த திகதியைப் பக்கத்தில் போட வேண்டும். தடக்கிய அலகுக்கு ஒரு புள்ளி. அடுத்த முறை புள்ளி போட்டதிலிருந்து தொடங்க வேண்டும், நன்றாகத் தெரிந்ததிலிருந்து அல்ல. இந்தக் கடைசி விதியைத்தான் பிள்ளைகள் அடிக்கடி மீறுகிறார்கள். தெரிந்ததைச் சொல்வது யாருக்குத்தான் பிடிக்காது!

போன சனிக்கிழமை நான் மண்டபத்துக்குப் போகச் சற்றுப் பிந்திவிட்டது. அந்த ஹாபிழ் திண்ணையில் வாவிப் பக்கம் பார்த்து உட்கார்ந்து 1818 கிளர்ச்சியைச் சொல்லிக்கொண்டிருந்தான். தன்னாமுனை மாணவன் ஒருவன் பாடநூலை விரித்துப் பிடித்து, தராவீஹில் பின்னால் நிற்பவரைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தான். ஓரிடத்தில், “காரணம் ஒண்ட விட்டுட்டாய்” என்று நிறுத்தினான். ஹாபிழ் தலையைச் சொறிந்தான். புத்தகத்தைப் பார்க்கக் கையை நீட்டி, பிறகு கையை இழுத்துக்கொண்டு, “பொறு, சொல்லாத” என்றான்.